மூச்சு விட்ட வினைல் தரை

குளியலறைத் தரையை நான் ஒரு ஷூ என்று நினைத்துவிட்டேன். இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கியூசி பிரிவில் இருக்கிறேன். அதாவது, அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி போய் ரயில் பிடித்து, நாளெல்லாம் குறை கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அதே வேலையை என் மனைவி சம்பளமில்லாமல் என்மேல் பார்ப்பாள். அவள் கணக்கு டீச்சர்.

அந்த டீச்சர்தான் மழைக்கால முடிவில் ஒருநாள் பாத்ரூம் டைல்ஸில் வழுக்கி விழுந்தாள். கணுக்காலில் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், விழுந்தது நான்தான் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார். எலும்பு கூடி வருகிறது, வாக்கர் வைத்து மெல்ல ஊன்றி நடக்கலாம், ஆனால் இன்னொரு தரம் விழுந்தால் பிளேட் நகர்ந்துவிடும், திரும்பத் திறக்க வேண்டிவரும். நான் தலையாட்டினேன். கூட வந்திருந்த கொழுந்தியாள், "மாமா, போதும், கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றாள்.

கால் மெதுவாகத் தேறியது. பயம் தேறவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாலே வகுப்பு மொத்தத்தையும் அடக்கிவிடுகிறவள், பாத்ரூம் வாசல்படியில் வந்து நின்று, அந்தப் பளபள டைல்ஸைப் பார்த்ததும் அப்படியே திரும்பிவிடுவாள். குடியாத்தத்திலிருந்து வந்து தங்கியிருந்த அவள் தங்கைதான் பின்கட்டில் ஒரு நாற்காலி போட்டு, சுற்றிலும் புடவையைக் கட்டி மறைத்து, குளிப்பாட்டி விட்டாள். குளித்து வருகிறவள் முகத்தில் குளித்த களையே இருக்காது. "இன்னொருத்தர் தேய்ச்சுவிட்டுக் குளிக்கிற வயசா எனக்கு?" என்று ஒரே ஒரு நாள் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது.

உடனே லாங் பஜாருக்குக் கிளம்பிவிட்டேன். கடைக்காரர் பாய் என்னைக் கண்டதுமே ஆள் எப்படி என்று புரிந்துகொண்டார். தரையில் ஒட்டுகிற வினைல் ஷீட் ஒன்றின் சுருளைப் பிரித்துப் போட்டு, தான் குடித்துக்கொண்டிருந்த டீயை அதன்மேல் கொட்டி, துண்டால் துடைத்துக் காட்டினார். வழுக்காது, ஊறாது, கறை பிடிக்காது. "பாத்ரூம்ல போடலாமா பாய்?" என்றேன். "தண்ணி இத ஒண்ணும் பண்ணாது சார். ஜாஸ்தி யோசிக்காதீங்க" என்றார். ஜாஸ்தி யோசிக்காமல் இருப்பது எனக்குப் புதிதல்ல.

ஆனாலும் கியூசி ஆள் அல்லவா? ஒரு துண்டை மட்டும் வாங்கிவந்து ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். காலையில் எடுத்தால் நேற்று வாங்கிய மாதிரியே இருந்தது. அதைக் கம்பெனிக்கும் கொண்டுபோய், ஷூவை மடக்கி மடக்கிச் சோதிக்கிற மெஷினில் ஈரத்தோடு மாட்டினேன். பாஸ். கூட வேலை செய்கிறவர்கள், "இன்னா சார், பாத்ரூமுக்கு எத்தனாம் நம்பர் சைஸ்?" என்று கேட்டார்கள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆள் வைத்து ஒட்டுவதாவது? ஷூவுக்கு சோல் ஒட்டுகிறவர்கள் நடுவே காலம் தள்ளியவன் நான். டைல்ஸைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் சோல் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஷீட்டை வைத்து அழுத்தினேன். அறையின் அகலத்துக்கு ஷீட் போதவில்லை. அதனால் நடுவில் ஒரு இணைப்பு வந்தது. தண்ணீர் போகிற சல்லடையைச் சுற்றி மட்டும் கூடுதலாக இன்னொரு பூச்சு தடவி ஒட்டினேன். என் கல்யாண ஆல்பத்தைக்கூட யாரும் அவ்வளவு கெட்டியாக ஒட்டியிருக்க மாட்டார்கள்.

தேக்கு மர டிசைன். டீச்சர் வாசல்படியில் வாக்கரோடு நின்று பார்த்தாள். ஒரு காலை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். "வழுக்கல" என்றாள். அந்த ஒரு வார்த்தையை ஆம்பூரில் பாதிப் பேருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

உள்ளே போய் நின்று பழகினாள். பல் தேய்த்தாள். பிறகு ஒருநாள், வரும் வெள்ளிக்கிழமை தானே தலைக்கு ஊற்றிக்கொள்ளப் போவதாக அறிவித்தாள். அவள் குரலில் பழைய டீச்சர் வந்திருந்தாள். தங்கையும் ஊருக்குப் போகத் துணிகளை எடுத்து வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். பஸ்ஸுக்குப் போகுமுன் கொழுந்தியாள், "கழுவிவுட்டுட்டுப் போறேன் மாமா, அக்காவால குனிய முடியாது" என்று சொல்லி, பாத்ரூமில் வாளி வாளியாக ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் அரக்கத்தனமாகத் தேய்த்தாள். எந்த வீட்டிலும் வெள்ளிக்கிழமை நடப்பதுதான். நம் வீடுகளில் தரையைத் துடைப்பதில்லை, குளிப்பாட்டுகிறோம். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அவளை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்து, சுடுதண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே காலை வைத்தேன்.

பிளக்.

காலை எடுத்தேன். தேக்கு மரம் மெல்லப் பெருமூச்சு விட்டது. மறுபடி மிதித்தேன். நான் மிதித்த இடம் இறங்கியது, சல்லடைப் பக்கம் ஷீட் புடைத்து எழுந்தது. அங்கே போய் மிதித்தேன். இங்கே எழுந்தது. அடியில் ஒரு ஆமை குடியேறி, என் காலுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்தது மாதிரி இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. பாய் சொன்னது பொய்யில்லை. தண்ணீர் அந்த ஷீட்டை ஒன்றும் செய்யவில்லை. இணைப்பு வழியாக அடியில் போய் உட்கார்ந்து, என் சொல்யூஷனைத்தான் கழற்றியிருக்கிறது. அங்கிருந்து வெளியேறவும் வழியில்லை. சல்லடையைச் சுற்றி நான் கெட்டியாக ஒட்டினேனே, அது அணைக்கட்டு மாதிரி நிற்கிறது. தினமும் ஷூவுக்குள் டிஷ்யூ பேப்பரை வைத்து, தண்ணீரில் மடக்கி, எங்கே நனைகிறது என்று பார்க்கிறவன் நான். நனைவது தையலில்தான். தோலில் நனைந்து நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவன் வாளியில் ஊறப்போட்டது தோலை. தையலை, அதாவது அந்த இணைப்பை, சோதிக்காமலே வீட்டில் போட்டிருக்கிறேன்.

ஹாலில் வாக்கர் சத்தம் கேட்டது. டக், டக்.

இங்கே ஒரு மனிதன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நேராகப் போய்ச் சொல்வது. நான் அதைத் தவிர எல்லாவற்றையும் செய்தேன். வாளியைத் தூக்கிப் புடைப்பின்மேல் வைத்தேன். பின்கட்டிலிருந்து தண்ணீர் டிரம்மை உருட்டிவந்து சல்லடைப் பக்கம் நிறுத்தினேன். இரண்டுக்கும் நடுவே நின்று குதித்தேன். அமுங்கிவிட்டது. அப்பாடா, சரியாகிவிட்டது என்றே நம்பினேன். எதிர்ப்பக்கம் எங்கேயாவது எழுந்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. பயந்தவன் கண்ணுக்குத் தான் மிதிக்கிற இடம் மட்டும்தான் தெரியும்.

வெளியே வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் ரொம்பச் சூடு என்றேன். விளாவிக்கொள்வதாகச் சொன்னாள். வெயில் ஏறட்டும் என்றேன். வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றாள். கடைசியில் ராகு காலம் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்க எப்போலேர்ந்து ராகு காலம் பாக்குறீங்க? பரீட்சை ஹால்ல பிட்டு வெச்சிருக்கிற பையன் மாதிரியே முழிக்கிறீங்க. இன்னா ஆச்சு?"

சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவளே என் தோளைத் தட்டி, "பயப்படாதீங்க. இந்தத் தரையில எனக்கு பயமில்ல" என்றாள்.

வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தரையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் திரும்பிவிடுவாள். திரும்பினால் மறுபடி பின்கட்டு, நாற்காலி, புடவை மறைப்பு. சொல்லாவிட்டால் விழுந்துவிடுவாளோ. ஆனால் அமுங்கிவிட்டதே, வாளியும் டிரம்மும் இருக்கிறதே. கணக்கு டீச்சர் புருஷன் போட்ட கணக்கு இது.

அவள் உள்ளே போனாள். தாழ்ப்பாளை நான் எப்போதோ கழற்றி எடுத்துவிட்டதால் கதவைச் சும்மா சாத்திக்கொண்டாள். நான் கதவில் காதை வைத்தேன். டக். டக். உட்கார்ந்து குளிக்கப் போட்டிருந்த ஸ்டூலுக்கு இன்னும் கொஞ்சம்தான். டக்.

அப்புறம் சத்தமே இல்லை.

"ஏம்மா, சோப்பு இருக்குதா?" என்றேன். "துண்டு எடுத்துக்கினியா?" என்றேன். மூன்றாவதாகக் கேட்க என்னிடம் பாத்ரூம் சாமான் எதுவும் மிச்சமில்லை.

"ஏங்க."

எங்கள் வீட்டில் அவள் கூப்பிட்டால் எதிர்வீட்டுக்காரர் எழுந்து வருவார். இது சின்னக் குரல். கதவைத் தள்ளினேன். அறையின் நடுவில், இணைப்பைத் தாண்டி ஒரு சாண் தள்ளி, வாக்கரை இறுகப் பிடித்தபடி நைட்டியோடு நின்றிருந்தாள். அவள் காலைச் சுற்றித் தரை புடைத்திருந்தது. நான் வாளியாலும் டிரம்மாலும் விரட்டிய தண்ணீர் முழுக்க அவளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாக்கரின் ஒரு கால் உள்ளே இறங்கி, இன்னொன்று மேலே ஏறி, சாய்ந்து நின்றது. நல்ல காலையும் எடுக்க முடியவில்லை, பிளேட் வைத்த காலையும் எடுக்க முடியவில்லை.

பாய்ந்து பிடிக்கத்தான் காலைத் தூக்கினேன். தூக்கிய கால் காற்றிலேயே நின்றது. நான் இங்கே மிதித்தால் அங்கே எழும். என் எடைக்கு அவள் நிச்சயம் கவிழ்ந்துவிடுவாள். கட்டின பெண்டாட்டியைப் பிடிக்க ஓடுவதே அவளைத் தள்ளிவிடுவதாகிவிடும்.

"அசையாத" என்றேன்.

"அசையலாம்னு எனக்கும் ஆசையில்ல" என்றாள்.

ஷீட் வெட்டிய கத்தி ஹால் அலமாரியில்தான் இருந்தது. எடுத்துவந்து, வாசல்படிக்கு வெளியே குப்புறப் படுத்தேன். தலையும் இரண்டு கையும் மட்டும் உள்ளே. தொப்பை வாசல்படியில் மாட்டிக்கொண்டு, பார்க்கில் குழந்தைகள் ஆடுகிற சீசா பலகை மாதிரி நான் முன்னும் பின்னும் ஆடினேன். கை எட்டிய இடம் இணைப்பு. தண்ணீர் நுழைந்த வழி அதுதான், வெளியே வரவும் வேறு வழியில்லை. கத்தி முனையை இணைப்பில் வைத்து இழுத்தேன். படுத்த வாக்கில் இழுத்ததில் கோடு வளைந்தது. அது கம்பெனிச் சரக்காக இருந்திருந்தால் நானே தூக்கி எறிந்திருப்பேன்.

அவள் எடை அழுத்தியதில் அடியிலிருந்த அழுக்குத் தண்ணீர் கீறல் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு நேராக என் மூஞ்சியில் அடித்தது. சோப்பும் சொல்யூஷனும் கலந்த வாசனை. கண் எரிந்தது. வாயிலும் போயிற்று. ஒரு கண்ணால் பார்த்தேன். மேலே வந்த தண்ணீர் சரிவில் ஓடி, அவள் விரல்களைத் தாண்டி, சல்லடைக்குள் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. ஷீட் மெல்ல மெல்ல இறங்கியது. வாக்கரின் நான்கு கால்களும் தரையில் உட்கார்ந்தன.

மேலே ஏதோ குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காத, வுழுந்துடுவ."

"இது எப்போலேர்ந்து மூச்சு வுடுது?"

"காலைலேர்ந்து."

"அப்ப ராகு காலம் இதுக்குத்தானா?"

நான் தண்ணீரைத் துப்பினேன். வாயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது நல்லதாயிற்று. படுத்தபடியே ஷீட்டை வாசல் பக்கத்திலிருந்து இணைப்புவரை உரித்து இழுத்தேன். சுலபமாக வந்தது. அடியில் பழைய டைல்ஸ். அதைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றது. எனக்கும்தான். ஆனால் எழுந்து அதன்மேல் காலை வைத்தால், கால் நகரவே மாட்டேன் என்றது. பாதி கரைந்த சொல்யூஷன் பசை மாதிரி பிடித்துக்கொண்டது. தூக்கும்போது சர்ரென்று சத்தம் வந்தது. நடந்துபோய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெளிய போய்டலாம் வா. நாளைக்கு ஆள் வெச்சு எல்லாத்தையும் பேத்து, சொரசொரப்பான டைல்ஸா போட்டுடறேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். பிளேட் வைத்த காலை நகர்த்தி, ஷீட் இல்லாத டைல்ஸின்மேல், அவளைக் கீழே தள்ளிய அதே டைல்ஸின்மேல் வைத்தாள். ஊன்றினாள். எடுத்துப் பார்த்தாள். சர்ர். மறுபடி வைத்தாள்.

"நாளைக்குப் போடுங்க. ஸ்டூல இந்தப் பக்கம் எடுத்துப் போடுங்க. தண்ணிய கிட்ட வைங்க."

"இன்னைக்கு வேணாம்மா."

"இன்னா இன்னைக்கு வேணாம்? ஆறிடப் போவுது. கதவ சாத்துங்க."

சாத்தினேன். பின்னால் அந்த ஷீட்டைக் காயவைத்து, அவள் திருத்துகிற நோட்டுகளை வைக்கிற அறையில் விரித்தோம். ஈரத்துணியால் துடைத்தால் போதும், இன்றுவரை ஒரு குறையுமில்லை. வினைல் நல்ல பொருள்தான். தண்ணீர் அடியில் போகாமல் மேலேயே இருக்கும்வரை. லாங் பஜார் பாயிடம் இதைச் சொன்னபோது, "நான் தண்ணி ஒண்ணும் பண்ணாதுன்னுதான் சொன்னேன் சார், நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னு சொல்லலியே" என்றார்.

ஆனால் அன்றைக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. மூஞ்சியைக்கூடத் துடைக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஸ்டூல் உரசிய சத்தம். வாக்கரைச் சுவரோரம் தள்ளிய சத்தம். பிறகு மக் வாளிக்குள் முங்கியது. தண்ணீர் தலையில் விழுந்து தரையில் சிதறியது. மறுபடி முங்கியது. இந்தத் தடவை நிறைய மொண்டுகொண்டாள் போலிருக்கிறது, சத்தம் கனமாக இருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கதவுக்கு அடியில உங்க நெழல் தெரியுது. போய் மொதல்ல மூஞ்சிய கழுவுங்க."