அலுவிகாரையில் உப்பில்லாத வீடு

காலை 10.40. கண்டியிலிருந்து வந்த ரயில் மாத்தளையோடு நின்றுவிட்டது; அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. தூறல். அலுவிகாரை இரண்டு மைல், பஸ்ஸுக்குப் பத்துச் சதம். கூடப்பிறந்த ராத்தாவின் கணவர் பெயரைச் சொன்னதும் கண்டக்டர், "பாவம், அந்த நானா கடை தொறக்காம ரெண்டு மாசமாச்சுங்க" என்றார். கால் வீக்கம் என்று மட்டும்தான் ராத்தா எழுதியிருந்தாள்.

மச்சானின் முகமும் வீங்கியிருந்தது. சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளுவதில்லையாம். தங்கிய உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அது காலில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறும். ஆகவே உப்பே கூடாது, நாளுக்கு ஒரு போத்தல் தண்ணீர்தான். ராத்தா தனக்கும் உப்பில்லாமல்தான் ஆக்கினாள். எனக்கு மட்டும் பக்கத்து வீட்டு அடுப்பில் உப்புப் போட்டுத் தனிக் கறி ஆக்கிக் கொண்டுவந்தாள்.

பகல் 1.00. ராத்தா லுஹர் தொழப் போனாள். மச்சான் என் பையைப் பார்த்தார். நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த, உப்பில் ஊறிய மாங்காய் அச்சாற்றின் வாசம் காட்டிக் கொடுத்துவிட்டது.

"நாக்கு செத்துப் போச்சு மச்சான். ஒரே ஒரு துண்டு தாங்க."

யாராவது முகம் வாடினால் என் புத்தி வேலை செய்யாது. போத்தலையே நீட்டினேன். பாதியைத் தின்றார். அப்புறம் தாகம். ராத்தா பார்க்காத நேரமெல்லாம் கிணற்றுத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவனும் நான்தான்.

மறுநாள் காலை 6.00. மச்சானால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்தார். வாடகைக் கார் பிடித்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

உப்புக் கொடுத்தாயா என்று டொக்டர் சிங்களத்தில் அதட்டினார். ஒரு கல்கூட இல்லையென்று ராத்தா சிங்களத்திலேயே சத்தியம் பண்ணினாள். அவர் நம்பவில்லை. கட்டிலில் இருந்து மச்சான் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்று தலையை அசைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தத் தலையசைப்பு வசதியாகத்தான் இருந்தது.

பகல் 2.00. என் ரயிலுக்கு நேரமாயிற்று. டொக்டர் இன்னும் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. ராத்தா வாசல்வரை வந்தாள். தன் வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒன்ட கறிக்கு உப்புத் தொட்ட கை தம்பி. நல்லாக் கழுவாம அவருக்குச் சோறு போட்டுட்டேன் போல."

நான் பையைத் தோளில் மாட்டினேன்.

"அடுத்த தடவ வந்தா ஒனக்கும் உப்பில்லாமத்தான் ஆக்குவேன். கோவிக்காத."

"சரி ராத்தா" என்றேன்.