அண்ணாந்து பார்க்காத ஞாயிறு

செம்மேட்டுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த நானும் ஊர்க்காரர்கள் சிலரும், ஞாயிறுதோறும் பூங்காவைப் பெருக்குகிறோம். எவ்வளவு அள்ளினாலும் மறுவாரமும் அதே சருகு, அதே பாட்டில். ஒரு ஞாயிறன்று எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. உரக்குழிவரை சுமக்கச் சலித்து, சருகை மரத்தடியிலேயே கொளுத்தினேன். புகை மேலே ஏறியதும் கிளையிலிருந்த தேன்கூடு கலைந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சர், தேனீ கெளம்பிருச்சுங்க! புள்ளைங்கள உள்ள கூட்டீட்டு வாங்க!" என்று கத்தினார், உடன் பெருக்கிய மளிகைக்கடைச் செல்வியக்கா. ஊஞ்சலாடிய குழந்தைகளை இழுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினோம். நல்லவேளை, கொட்டு வாங்கியது நான் மட்டும்தான்.

வீக்கம் வடியாத கண்ணோடு மறுவாரமும் போனேன். இப்போதெல்லாம் துடைப்பத்தைத் தொடுமுன் அண்ணாந்து பார்க்கிறேன். எவ்வளவு அலுப்பென்றாலும் உரக்குழிக்கே சுமக்கிறேன். தீப்பெட்டி வீட்டு அடுப்போடு சரி. சருகு மட்டும் குறைந்தபாடில்லை.