திரும்ப வேண்டாத விமானங்கள்

மலேசியாவில், கமுந்திங் தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கம்பெனி மீன்பிடிப் படகுகளுக்கு பைபர் உடல் செய்துகொண்டிருந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து எங்களைக் கம்பெனி வேன் ஏற்றிப் போகும். என் பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒரு அக்கா உட்காருவார். கிறிஸ்தவர், நான் பிறந்த அதே ரப்பர் தோட்டத்துக்காரர். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு எங்கள் இரண்டு குடும்பங்களும் ஒரே தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தன. வேனில் நாங்கள் அதிகம் பேசியதில்லை. ஏறியதும் தூங்கிவிடுவோம்.

படகு வேலை குறைந்த சமயத்தில் ராணுவத்துக்கான ஆளில்லா விமானங்கள் வந்தன. முதலில் செய்தவை பயிற்சிக்கானவை, சிப்பாய்கள் வானத்தில் குறிபார்த்துச் சுட்டுப் பழகுவதற்கு. குண்டுக்குத் தப்பியவை பாரசூட்டில் இறங்கும். அவற்றை எங்களிடமே அனுப்புவார்கள். உடைந்த இறக்கையை ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி சாயம் அடிப்போம். நான் தேய்த்த இறக்கை எது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரியும். கை அரிப்பும் ரெசின் பசை நாற்றமும் இருந்தாலும் அந்த நாட்களில் வேலை பிடித்துத்தான் இருந்தது.

பிறகு ஈப்போவிலிருந்து ஓர் இளம் எஞ்சினியர் வந்தார். நம் தமிழ்ப் பையன்தான், மரியாதையானவர். அவர் வடிவமைத்த விமானம் ஒரே ஒரு முறை பறப்பதற்கானது. விலை குறைய வேண்டும் என்று, மாதத்துக்கு ஒன்றாக அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டே இருந்தார். பாரசூட் போயிற்று. பைபர் அடுக்குகள் குறைந்தன. இறக்கைக்குள் மரச்சட்டத்துக்குப் பதிலாக வெறும் நுரைக்கட்டை வந்தது. ஒருநாள் என் மேசைக்கு வந்து, தேய்த்துக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார்.

"இவ்ளோ வழவழப்பு வேணாம்க்கா. ஒரு தடவ பறந்தா போதும்லா."

வேலையைக் குறைத்தால் அலுப்பும் குறையும் என்று நினைப்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. அரைகுறையாக முடித்த இறக்கைகளை அடுக்கிவைத்துவிட்டு வீடு திரும்பிய மாலைகளில்தான் தோள் அதிகமாக வலித்தது.

மூக்குப் பகுதியில் மட்டும் அவர் எதையும் குறைக்கவில்லை. அதற்குள் ஓர் உருண்டை போகும். ரேடார் அனுப்பும் அலையை அது பலமாகத் திருப்பி அனுப்புமாம். அதனால் நாங்கள் இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய அந்தச் சின்ன விமானம், திரையில் பெரிய போர் விமானம்போலத் தெரியும். அந்த உருண்டையைப் பொருத்துவது வேனில் என் பக்கத்தில் உட்காரும் அக்காவின் வேலை.

முதல் சோதனைக்கு எங்களையும் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், பொட்டலமாகக் கொடுத்தார்கள். சாய்வான தண்டவாளத்திலிருந்து விமானம் சீறிக்கொண்டு கிளம்பி, கடலுக்கு மேலே புள்ளியாகி மறைந்தது. எல்லாரும் கை தட்டினோம். அக்கா வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப திரும்பி வரும் தம்பி?"

"வராதுக்கா. வராம இருக்கறதுக்குத்தான் செய்றோம்."

எஞ்சினியர் பொறுமையாக விளக்கினார். எதிரி இதைப் பெரிய விமானம் என்று நம்பி ரேடாரைப் போடுவான், ஏவுகணையை விடுவான். அப்போது அவன் மறைந்திருக்கும் இடம் தெரிந்துவிடும். பின்னால் வருகிற நிஜ விமானங்கள் அந்த இடத்தை அடிக்கும். நம் பக்கம் ஓர் உயிர்கூடப் போகாது என்று சொல்லி முடித்தார்.

"அந்த ரேடார்கிட்ட ஆள் இருப்பாங்கல்ல?" என்று அக்கா கேட்டார்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "இருப்பாங்கக்கா," என்றார்.

திரும்பும்போது அக்கா தூங்கவில்லை. கோலகங்சார் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். "அவன் வீட்லயும் சோறாக்கி வச்சிட்டு யாராச்சும் காத்துக்கிட்டுத்தான இருப்பாங்க."

"நாம செய்யாட்டி வேற ஆளு செய்வாங்கக்கா."

"செய்வாங்க," என்றார். என்னை மறுக்க அவர் முயலவே இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். ஆபீசில் முட்டிவலி என்று சொன்னார். முட்டிவலி உண்மையிலேயே இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "அத உள்ள வைக்கிறது என் கைதானே," என்றார். நீயும் வா என்று கூப்பிடவில்லை. எஞ்சினியருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். அன்று மதியம் அவர் சாப்பிடப் போகாமல் கணினி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அக்காவின் இடத்துக்கு என்னை மாற்றினார்கள். அந்த உருண்டை பார்ப்பதற்குக் கனமாகத் தெரியும், ஆனால் கையில் எடுத்தால் லேசாக இருக்கும்.

இப்போது அக்கா தைப்பிங்கில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். வேனில் நெடுநேரம் பயணம் செய்வதற்குப் பதிலாக அங்கேயே மகள் வீட்டில் தங்கிவிட்டார். சம்பளம் குறைவுதான். போன பள்ளி விடுமுறைக்கு முன்னால் பார்க்கப் போயிருந்தேன். வழக்கம்போல அங்கே மழை. சட்டிகளைக் கழுவிக்கொண்டே என் வீட்டுக்காரரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, தோள்வலியைப் பற்றியெல்லாம் விசாரித்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். மீந்த மீகோரெங் நூடுல்ஸை ஒரு பையில் கட்டிக் கொடுத்து, மழை விடுவதற்குள் ஏன் அவசரம் என்று கடிந்துகொண்டார்.

புதிய ஆர்டர் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வரமுடியுமா என்று எஞ்சினியர் கேட்டார். அவரும் தூங்கி நாளாகியிருக்கும் போல, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.