தண்ணீர்த் தொட்டி ஏணி

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் பெயிண்ட் வேலைக்குப் போகிறோம். இரும்பு வேலை என்றால் துருவைச் சுரண்டுவது என் பங்கு, பெயிண்ட் அடிப்பது அவர் பங்கு. காரைக்குடியைச் சுற்றிக் கதவும் கிரில்லுமாகச் சுரண்டிச் சுரண்டி, இப்போது தலைவாரக் கையைத் தூக்கினாலே வலது தோள் வலிக்கிறது.

சென்ற ஆண்டு கல்லல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணிக்குப் பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டார்கள். மறுநாள் ஆண்டு விழா. தூரத்திலிருந்து பார்க்க ஏணி பச்சைப் பசேலென்று நன்றாகவே இருந்தது. கிட்டே போனால் அங்கங்கே கொப்புளம். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீர் தினமும் அதன்மேலேயே இறங்கியிருக்கிறது. முன்பு வந்தவர்கள் துருவையும் எடுக்கவில்லை, துரு ஏறாமலிருக்க அடியில் பூசும் ரெட் ஆக்சைடும் பூசவில்லை. ஈரத்தின் மேலேயே பச்சையை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கம்பி பிரஷ்ஷால் இழுத்தேன். பெயிண்டோடு இரும்பும் செதில் செதிலாக உதிர்ந்தது. மூன்றாவது படியில் சுரண்டியை அழுத்தியதும் அது அந்தப் பக்கம் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் பார்த்தார். டப்பாவை மூடினார். "இதுல அடிச்சு என்ன செய்ய?"

தலைமையாசிரியை வந்தார். நாலு நாளாகத் தூங்காத முகம்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?"

"படியெல்லாம் துரு தின்னுருச்சு டீச்சர். பெயிண்ட் நிக்காது."

"நாளைக்குப் பெரிய ஆளுகல்லாம் வாராக. இப்ப மேலாப்புல ஒரு கோட்டு அடிச்சுட்டுப் போங்க. லீவுல பாத்துக்கலாம்."

அடித்துவிட்டுப் போயிருக்கலாம். அரை மணி நேர வேலை. இருந்த அசதிக்கு என் மனசும் அதைத்தான் சொன்னது.

"இதுல யாரு ஏறுறாக டீச்சர்?"

பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் பதில் சொன்னார். "நான்தான் ஆத்தா, வாரா வாரம் தொட்டி கழுவ. என்ன சொல்றீக? நேத்துக்கூட ஏறுனேனே."

சுரண்டியைத் தலைமையாசிரியை கையில் கொடுத்தேன். "நீங்களே குத்திப் பாருங்க."

அவர் குத்தினார். உள்ளே போனது. வெளியே இழுத்துவிட்டு அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"பந்து எடுக்கப் பிள்ளைகளும் ஏறுதுகளே," என்றார்.

அதற்குப் பிறகு யாரும் பெயிண்டைப் பற்றிப் பேசவில்லை. மதியமே வெல்டர் வந்து ஏணியை அறுத்து இறக்கினார். விழா ஏணி இல்லாமலே நடந்தது.

ஒரு மாதம் கழித்துப் புது ஏணி வைத்து எங்களையே கூப்பிட்டார்கள். வழியும் தண்ணீர் தள்ளிப் போய் விழக் குழாயும் போட்டிருந்தார்கள். உப்புத்தாள் தேய்த்து, துடைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு தரம் பூசிக் காயவிட்டு, அப்புறம்தான் பச்சை. மூன்று நாள் ஆனது.

"இனிமே கவலையில்லையே?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"தண்ணி படாமப் பாத்துக்கங்க டீச்சர். எங்கயாச்சும் கொப்புளம் கண்டா உடனே சுரண்டிப் பூசிரணும்."

"அப்ப வருசா வருசம் வந்து பாத்துருங்க."

சரியென்று தலையாட்டினேன். சந்தோஷப்பட வேண்டிய பேச்சுதான், ஆனால் இந்தத் தோள் இன்னும் எத்தனை வருசம் தாங்குமோ. மறுநாள் சாக்கோட்டையில் ஒரு வீட்டு மாடிக் கிரில் சுரண்ட வேண்டியிருந்தது. பஸ் வரும்வரை வலது தோளை நீவிக்கொண்டே நின்றேன்.