பாலைக் கலக்கிய கை

அந்த ஆவணப்பட நிறுவனத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். பத்தொன்பது வருடமாக எடிட்டர். ராஜாக்கள் செத்த கதை, ஒரு பாடகி வாழ்ந்து கெட்ட கதை, வெள்ளத்தில் பிழைத்தவர்களின் கதை, வங்கியைக் கொள்ளையடித்தவன் கதை என்று ஊரார் வாழ்க்கையை எல்லாம் வெட்டி ஒட்டி நாற்பத்தெட்டு நிமிடத்துக்குள் அடக்கிக் கொடுத்த மனிதர். அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த வீட்டு விஷயத்தில் மூளை வேலை செய்யவில்லை என்றால் யாரைப் போய் நொந்துகொள்வது?

குற்றப் படங்களில் ஒரு தீராத தலைவலி உண்டு. குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். காட்டப் படம் இருக்காது. கேமராக்காரனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டா எவனும் விஷம் வைக்கிறான்? அதனால் நடிக்க வைத்து எடுப்பார்கள். முகம் வேண்டாம். ஒரு கை போதும், கதவிடுக்கில் ஒரு நிழல் போதும். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘சித்திரிப்பு’ என்று போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆள் கிடைக்காத நாளில் அலுவலகத்தில் இருப்பவர்களே நடித்துவிடுவார்கள். கணக்கர் இதுவரை நான்கு முறை பிணமாகப் படுத்திருக்கிறார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்த முறை கதை, கணவனையும் மாமனார் மாமியாரையும் பாலில் விஷம் கலந்து ஒவ்வொருவராக அனுப்பிவைத்த ஒரு பெண்ணைப் பற்றியது. கை நடிப்புக்குச் சொல்லிவைத்த பெண் கடைசி நேரத்தில் வரவில்லை. கத்திரி சின்னக் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவர் மனைவி வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் தாய்மார்கள் வேலைக்குப் போகிற வழியில் விட்டுப்போகும் எட்டுப் பிள்ளைகள். எட்டுக்கும் அவள் அத்தை. சமையலறை ஜன்னல் ஓரம் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அப்படி அமைந்திருந்தது. அவள் வலது கையில் மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு. கத்திரிக்கு அதைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறியது.

“என்னங்க, வேலை நேரத்துல வந்து என்னைப் படம் புடிக்கிறீங்க?”

“கை மட்டும்தான். சர்க்கரையைப் போட்டுக் கலக்கு. மெதுவா... இன்னும் மெதுவா.”

“முகம் வராதா?”

“வராது.”

“அப்புறம் எதுக்கு நான் ஓடிப்போய்த் தலை சீவிட்டு வந்தேன்?” என்று அவள் சிரித்தாள்.

எந்தப் படத்துக்கு என்று அவள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பின்னால் நூறு தடவை சொன்னார். பொய். சொல்லியிருக்க மாட்டார்.

அந்த ஷாட் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. ஓரிடத்தில் வைப்பதாக இருந்ததை ஏழு இடத்தில் வைத்தார். வேகத்தைக் குறைத்தார், நீலம் ஏற்றினார், சர்க்கரை விழுகிற நேரத்தில் ஓர் உறுமலைச் சேர்த்தார். முதல் முறை வரும்போது ‘சித்திரிப்பு’ போட்டால் போதும் என்பது அந்த அலுவலகத்து வழக்கம். மற்ற ஆறு இடத்திலும் வெறும் கை. அதன்மேல் கட்டைக் குரல் சொன்னது: “ஊட்டியதும் இந்தக் கை. கொன்றதும் இந்தக் கை.” மூன்று வாரம் அந்த இருட்டு அறையில், பஞ்சு பிதுங்கிய நாற்காலியில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பார்க்கப் பார்க்க அவருக்கே புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள்.

“ஐயோ, என் கை!” என்று அவள் கைதட்டினாள். அப்புறம் குரல் பேசியது. தட்டிய கை அப்படியே நின்றது.

“ஏங்க, நான் என்ன பண்றேன் அதுல?”

“சும்மா நடிப்பும்மா. சித்திரிப்புன்னு போட்டிருக்கே.”

“எங்க போட்டிருக்கு?”

அது போய் வெகுநேரமாகியிருந்தது. ஐந்தாவது தடவையாக அவள் கை திரையை நிறைத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. படம் முடிவதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் நாலு வயசுப் பொடிசு தொலைக்காட்சியைக் காட்டி, “அத்தை கை! அத்தை கை!” என்று குதித்ததாம். தினமும் அந்தக் கையால் பால் குடிக்கிற பிள்ளைக்கு முகம் எதற்கு? இது பத்தொன்பது வருட எடிட்டருக்குத் தெரியவில்லை, பாருங்கள்!

திங்கட்கிழமை எட்டில் இரண்டுதான் வந்தது. ஒரு தாய் மட்டும் வாசல்வரை வந்து, பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமலே பேசினாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. நடிப்புதான்னு எனக்குத் தெரியாதா? எங்க மாமியார்தான் கேக்க மாட்டேங்கிறாங்க.”

எல்லா வீட்டிலும் இப்படி ஒரு மாமியார் கேட்க மாட்டேன் என்றாள். மாமியார் இல்லாத வீட்டில்கூட! பன்னிரண்டு வருடம் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்ட பேர் ஒரே சாயங்காலத்தில் நாறிப்போயிற்று. அவள் அழவில்லை. எட்டுக் குட்டி டம்ளரையும் கழுவி, இரண்டை மட்டும் வெளியே வைத்துவிட்டு, ஆறை மேல் அலமாரியில் ஏற்றினாள்.

கத்திரி அலுவலகத்துக்கு ஓடினார். “ஒளிபரப்பாகி முடிஞ்ச படத்துக்கு இப்ப என்ன திருத்தம்?” என்று தயாரிப்பாளர் கையை விரித்தார். அப்போதுதான் கத்திரிக்கு உருப்படியாக ஒன்று தோன்றியது. வெட்டாத மூலப் படத்தை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு ஆறு வீட்டுப் படியும் ஏறினார். அதில் சர்க்கரை டப்பா இருந்தது, பின்னால் ஒரு குழந்தை மூக்கு ஒழுக நின்றது, “இன்னும் மெதுவா” என்று இவர் குரல் கேட்டது, தலை சீவிய நகைச்சுவையும் இருந்தது. “தப்பு என்னுதும்மா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது” என்று ஒவ்வொரு வீட்டிலும் கும்பிட்டார். நாலு வீடு மனமிரங்கியது. மறுவாரம் ஆறு பிள்ளைகள் ஆயிற்று. அலமாரியிலிருந்து நாலு டம்ளர் இறங்கியது.

அவளும் இறங்கி வந்தாள். ஒன்பது நாள் உம்மென்று இருந்தவள், அன்று மத்தியானம் பிள்ளைகள் பாயில் தூங்கும்போது, தானாகவே ஒரு டம்ளர் பாலோடு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஆறு வீட்டுப் படி ஏறி எறங்கினீங்களே, கால் வலிக்கலியா? இந்தாங்க.”

தழும்புக் கை டம்ளரை நீட்டியது. கத்திரி சந்தோஷமாகத்தான் வாங்கினார். வாய்வரை கொண்டுபோனார். கை நின்றது. கண் தானாகக் கீழே போய்ப் பாலைப் பார்த்தது. அரை நொடி இருக்கும், அவ்வளவுதான். தான் செய்தது அவருக்கே உறைத்தபோது உடம்பெல்லாம் வேர்த்தது. கடவுளே, இது என்ன கூத்து!

அவள் பார்த்துவிட்டாள்.

டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவர் கண்ணெதிரே பாதியைக் குடித்தாள். மிச்சத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“அவங்க ஒரே ஒரு தடவைதான் பார்த்தாங்க” என்றாள். “நீங்க எத்தனை தடவைங்க பார்த்தீங்க?”

உள்ளே ஒரு குழந்தை சிணுங்கியது. அவள் போய்விட்டாள். அவர் மிச்சப் பாலை ஒரே மூச்சில் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தாள்.