கை நனைத்த வீடு

குற்றாலம் வரை போகலாம், அதைத் தாண்டினால் ஆபத்து. இது எங்கள் வீட்டுச் சட்டம். இயற்றியவள் அத்தை, அப்பாவின் அக்கா. செங்கோட்டைக்கு மேற்கே அவள் காலடி வைத்ததே இல்லை. அதனாலேயே அங்கே நடப்பதெல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மலைத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்தால் குளிர்காய்ச்சல் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வழியில் அரிவாளோடு நிற்பார்கள். வெற்றிலையில் மை தடவிக் கொடுத்து ஆளை அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். "போனவன் திரும்பி வந்ததா எவனாவது சொல்லுதானா?" என்று கேட்பாள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவே அவளை நம்பியது.

அந்த மலையடிவாரத்தில்தான் என் சித்தியைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அம்மாதான் தலை பின்னி வளர்த்தாள். தூரத்து மாமா ஒருவர் வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குத் தோப்பும் துரவும் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிட்டார். சித்தி எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வருவாள். இங்கிருந்து அங்கே யாரும் போனதில்லை. ஆனால் ஆடி பிறந்தால் குற்றாலத்துக்கு மட்டும் தவறாமல் போவோம். ரயிலில் தென்காசி, அங்கிருந்து குதிரை வண்டி. அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அம்மா மேற்கே பார்த்தபடி நின்றுவிடுவாள். "சாரல்ல நிக்காத பிள்ள, சளி பிடிச்சிரும்" என்று அத்தை அவளை இழுத்துக்கொண்டு வருவாள்.

அந்த வருஷம் அம்மா துவட்டி முடித்ததும், "நான் தங்கச்சியப் பாக்கப் போறேன். வண்டி அனுப்பச் சொல்லியிருக்கேன்" என்றாள். அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே மூடிக்கொண்டார்.

எங்களைக் காப்பாற்றுவதற்காக அத்தையும் கிளம்பினாள். எல்லோருடைய நகைகளையும் கழற்றித் தன் முந்தியில் முடிந்துகொண்டாள். குளிர்காய்ச்சலுக்கு முன்காவலாக என் வாயில் ஒரு கொய்னா மாத்திரையைத் திணித்தாள். கூஜா நிறையத் தாமிரபரணித் தண்ணீரும் தூக்குச்சட்டியில் புளியோதரையும் ஊரிலிருந்தே கூட வந்திருந்தன.

மாட்டுவண்டி செங்கோட்டையைத் தாண்டியதும் மலை கிட்டே வந்தது. சாரல் முகத்தில் அடித்தது. எனக்கோ சிரிப்பாக இருந்தது. அத்தை கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மரங்கள் அடர்ந்த ஒரு திருப்பத்தில் உண்மையிலேயே அரிவாளோடு ஒருவர் நின்றார். அத்தை என் கையைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் உடைந்தது. அவர் பாதையில் முறிந்து கிடந்த கிளையை வெட்டி இழுத்துப் போட்டார். "ஓடையில தண்ணி வருது அண்ணாச்சி, பைய வாங்க. நான் முன்னால நடக்கேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணீரில் மாட்டைப் பிடித்து நடத்தி அக்கரை சேர்த்தார். எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அந்த அக்கா வீட்டுக்கா? காலையில இருந்து ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்காவளே!"

சித்தி சாரலில் நனைந்துகொண்டே ஓடிவந்தாள். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள். சித்தப்பா கூச்சக்காரர், எங்கள் மூட்டைகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டுத் தூணோரம் நின்றார். அந்தப் பயங்கரமான ஊரில் எங்களைத் தாக்கியது ஓர் அட்டைப்பூச்சி மட்டும்தான். அதுவும் அத்தையின் காலைத்தான் தேர்ந்தெடுத்தது.

கூடத்தில் வரிசையாக வாழையிலை போட்டிருந்தது. அவியல் வாசனையும் பலாப்பழப் பிரதமன் வாசனையும் வீட்டை நிறைத்திருந்தன. அத்தை தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"நாங்க கட்டுச்சோறு கொண்டாந்துட்டோம். தண்ணி மாறுனா பிள்ளைக்கு ஒத்துக்காது. தப்பா நெனைக்காத."

"அதுக்கென்ன மதினி" என்றாள் சித்தி. சிரிக்கக்கூடச் செய்தாள். ஆனால் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல், கை நனைக்காமல் திரும்பினால் உறவு அறுந்தது என்று அர்த்தம். பகையாளி வீட்டில்தான் அப்படிச் செய்வார்கள். சித்தப்பா தரையைப் பார்த்தார், அப்பா கூரையைப் பார்த்தார்.

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கொய்னாக் கசப்பு இன்னும் தொண்டையில் நின்றது. கொல்லைப்புறத்தில் கூழாங்கல் தெரிய ஓடிய வாய்க்காலை வரும்போதே பார்த்து வைத்திருந்தேன். "சித்தி, எனக்கு அந்தத் தண்ணி வேணும்" என்றேன்.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"குடு" என்றாள் அம்மா. பிறகு போய் முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "எனக்கும் சோத்தப் போடு. பசிக்கு."

கொஞ்ச நேரம் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு அப்பாவும் உட்கார்ந்தார். அத்தை மட்டும் புளியோதரையோடு கொள்கையைக் காத்தாள். பிரதமன் வந்தபோது, "தேங்காப்பாலுதான, தண்ணி சேரலைல்லா?" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணத்துக்கும் கை நீட்டினாள்.

யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. எத்தனையோ ஊர்த் தண்ணீர் குடித்தாயிற்று. இன்றைக்கும் தாகமெடுத்தால் என் நாக்கு அந்த வாய்க்காலைத்தான் தேடுகிறது. அதை மொண்டு கொடுத்த கையும் இல்லை, குடு என்று சொன்ன குரலும் இல்லை.

அன்று பொழுது சாயுமுன் வண்டி பூட்டினார்கள். சொல்லிக்கொள்ளச் சித்தியைக் காணவில்லை. தேடிக்கொண்டு உள்ளே ஓடினேன். கூடத்தில் மற்ற இலைகளையெல்லாம் எடுத்தாகிவிட்டது. அம்மா சாப்பிட்ட இலை மட்டும் அப்படியே கிடந்தது. அதன் முன்னால் சித்தி உட்கார்ந்து, அதிலேயே சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு வாய் ஊட்டினாள்.

ரயிலில் அதைச் சொன்னேன். "சித்தி வீட்டுல இலைக்குப் பஞ்சம் போலப்பா. அம்மா சாப்பிட்ட இலையிலயே சாப்பிடுதா." வீட்டைச் சுற்றி வாழைத்தோப்பு இருந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

"நான் சொன்னேம்லா, அந்த ஊரு அப்படித்தான்" என்றாள் அத்தை.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணில் ரயில் கரி விழுந்துவிட்டது என்று நினைத்து, நான் எழுந்துபோய் ஜன்னலை மூடினேன்.