காயக் கூடாத சிமெண்ட்

என் மேசை இழுப்பறையில், மருந்துச் சீட்டுத் தாளில் மடித்த ஒரு சில்லு இருக்கிறது. அரிசி நொய் அளவுதான். வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் ஓடியிருப்பது தெரியும். பல் டாக்டராகி ஆம்பூருக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம் நான் அடைத்து, நாலே நாளில் கழன்று விழுந்த அடைப்பு அது. தோற்றுப்போன வேலையை யாராவது பத்திரப்படுத்துவார்களா என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு தோல் தொழிற்சாலையின் டிரம் மேஸ்திரி. ஆள் உயர மர டிரம்களில் தோலை உப்போடும் ஆசிட்டோடும் சுழலவிடும் இடத்தில் வருஷக்கணக்கில் நின்றவர். அந்தப் புகையும், அவர் விரலால் அழுத்தித் தேய்த்த பல்பொடியுமாகச் சேர்ந்து, மேல் முன்பல் ஒன்றில் ஈறோரமாகப் பள்ளம் பறித்திருந்தன. "நோன்பு தொறக்கறப்போ மொத மடக்கு தண்ணியே அழுதுக்கினுதான் குடிக்கறேன் டாக்டரம்மா" என்றார். கிளினிக்கை நடத்திய பெரிய டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "பிடுங்கிடும்மா, மெனக்கெடாதே" என்று போய்விட்டார். சிரித்தால் முதலில் தெரியும் பல். ஒருமுறை அடைத்துப் பார்க்கிறேன், நிற்காவிட்டால் பிடுங்கிவிடலாம் என்று பெரிய டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

அப்போது எனக்குக் கண்ணாடி அயனோமர் சிமெண்ட் மேல் ஒரு பித்து. மணலையும் அலுமினாவையும் ஃபுளோரைடையும் உருக்கிக் கண்ணாடியாக்கி, மாவாக அரைத்த பொடி ஒரு புட்டியில். கெட்டியான ஓர் அமிலம் இன்னொரு புட்டியில். முன்பு ஒரு சிமெண்டில் கண்ணாடிப் பொடி இருந்தது, அது பல்லைப் பிடிக்காது. இன்னொன்றின் அமிலம் பல்லைப் பிடிக்கும், ஆனால் பார்க்கச் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும். இரண்டிலும் நல்லதை எடுத்து முடிச்சுப் போட்டவர்கள் புண்ணியவான்கள். அமிலம் கண்ணாடித் துகளின் மேல்தோலைக் கரைக்கிறது. அதிலிருந்து வரும் கால்சியமும் அலுமினியமும் அமிலச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டுகின்றன. அதே அமிலம் பல்லின் கால்சியத்தையும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆசிட் பறித்த குழியை ஆசிட்டே அடைக்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்று சும்மாவா சொன்னார்கள். காகித அட்டைமேல் பிளாஸ்டிக் கரண்டியால் குழைத்து, மினுமினுப்பு மங்குவதற்குள் வைத்து முடித்தேன். மேலே வாஸ்லின் தடவினேன். "காயற வரைக்கும் எச்சி படாம பாத்துக்குங்க பாய்" என்று சொல்லி அனுப்பினேன்.

நாலாம் நாள் சில்லோடு வந்து நின்றார். "நீங்க சொன்ன மாரியேதான் செஞ்சேன்" என்றார், பாவமாக. வாசலைத் தாண்டியதுமே வாஸ்லினைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டாராம், எண்ணெய் இருந்தால் எப்படிக் காயும் என்று. பஸ் முழுக்க மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் காற்றில் போயிருக்கிறார். தொழிற்சாலையில், தோல் காயவைக்கும் ஃபேனுக்கு எதிரே பல்லைக் காட்டியபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். தோல்காரரிடம் போய் 'காய' என்ற வார்த்தையைச் சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்? தப்பு என்னுடையது.

"இது காயற சரக்கு இல்ல பாய், இறுகுற சரக்கு. அதுக்குள்ள இருக்கற தண்ணி போச்சுன்னா வெடிச்சிடும். வெளித்தண்ணியும் படக்கூடாது, உள்தண்ணியும் போகக்கூடாது. அதுக்குத்தான் வாஸ்லின்."

அவர் சிரித்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லக்கூடாதா? தோலும் ஜாஸ்தி காஞ்சா அப்பளமாட்டம் ஒடையும்."

பெரிய டாக்டருக்குத் தெரியாமல் மறுபடி அடைத்தேன். இந்தத் தடவை அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு, போய்வருகிறேன் என்பதைக்கூடத் தலையசைத்துச் சொல்லிவிட்டுப் போனார். நோன்பு முடிந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தவர், என் கண்ணெதிரே பானைத் தண்ணீரை ஒரு டம்ளர் நிறைய மொண்டு, மூச்சுவிடாமல் குடித்துக் காட்டினார். எத்தனையோ பேருக்குப் பல் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு டம்ளர் தண்ணீர் தந்த சந்தோஷம் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது பொடியும் அமிலமும் அடைத்த குப்பியை இயந்திரத்தில் செருகினால் சில நொடியில் அதுவே குழைத்துத் தருகிறது. என் மணிக்கட்டுக்கு வேலையில்லை. அது ஒரு குறையாகவே இருக்கிறது.

போன மாதம் மேஸ்திரி வந்தார். தாடி முழுக்க வெள்ளை. ஈறு வற்றி, அந்தப் பல்லே ஆடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை நான்தான் பிடுங்க வேண்டியிருந்தது. கிண்ணத்தில் விழுந்த பல்லை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். ஓரம் சற்று மங்கியிருந்தது. மற்றபடி அடைப்பு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டே அவரும் பார்த்தார்.

"பல்லு போய்ட்ச்சி டாக்டரம்மா, நீங்க வெச்சது போவல. நீங்களே வெச்சுக்குங்க."

வைத்திருக்கிறேன், அதே இழுப்பறையில், அந்தச் சில்லுக்குப் பக்கத்தில். சில்லு தாளில் கிடக்கிறது. பல்லை மட்டும் சின்னப் புட்டியில் தண்ணீர் ஊற்றிப் போட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறேன். காயக் கூடாது.